ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் நல்ல தண்ணி விடுகிற நாள். காலை ஐந்தே முக்காலுக்கு வால்வு திறப்பவரின் எக்ஸெல் வண்டிச் சத்தம் கேட்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு வாசல் குழாய் இருமும். காற்றைத் துப்பும், செம்மண் நிறத்தில் ஒரு வாய் கக்கும், மறுபடி இருமும். அதற்குப் பிறகுதான் தண்ணி.

என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், அந்த முதல் தண்ணியை ஒருநாளும் குடத்தில் பிடித்ததில்லை. ஒரு பக்கெட் நிறைகிற வரை விட்டு, அதை வாசல் தெளிக்கவும் சாக்கடைப் பக்கம் கழுவிவிடவும் வைத்துக்கொள்வார். "முதல் தண்ணி குழாயோடது கண்ணு, அடுத்த தண்ணிதான் நம்முளது" என்பார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. துருவுக்காகச் சொன்னார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் செய்துகொண்டும் இருந்தேன்.

2024 நவம்பர் கடைசியில் தங்கை மகள் சிகாகோவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். இடுப்பில் இரண்டு வயதுப் பையன், கையில் ஒரு கடிதம்.

"பெரியம்மா, தண்ணி ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்குது. எங்க வீட்டுக்கு வர்ற குழாய் ஈயமா இருக்கலாமாம்."

ஈயம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஈயச் சொம்பில் வைக்கிற ரசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "அதனால என்ன, நல்லதுதானே" என்று கூடச் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

விஷயம் இதுதான். ரோட்டுக்கு அடியில் மெயின் லைன் போகிறது. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னக் குழாய் பிரிகிறது. நாம் கனெக்‌ஷன் பைப் என்போம், அங்கே சர்வீஸ் லைன் என்கிறார்கள். அமெரிக்காவின் பழைய ஊர்களில் இந்தச் சின்னக் குழாயைக் காரீயத்தில், அதாவது லெட்டில், போட்டிருக்கிறார்கள். வளைக்கச் சுலபம், துருப் பிடிக்காது, மண் அசைந்தாலும் உடையாது. சிகாகோவில் ஏறத்தாழ 4 லட்சம் வீடுகளுக்கு இப்படி. அமெரிக்காவிலேயே அதிகம் அங்கேதான். 1986-இல் நாடு முழுக்கத் தடை வரும்வரை, வீட்டு இணைப்புக்கு ஈயக் குழாய்தான் போட வேண்டும் என்று அந்த ஊரின் கட்டட விதியே சொல்லியிருந்ததாம். ஒவ்வொரு வீட்டின் குழாயும் எதனால் ஆனது என்று 2024 அக்டோபர் 16-க்குள் பட்டியல் எடுத்து, ஈயம் உள்ளவர்களுக்கும் என்னவென்று தெரியாதவர்களுக்கும் தகவல் அனுப்ப வேண்டும் என்று அரசு உத்தரவு. அந்தக் கடிதம்தான் அவள் கையில் இருந்தது.

"கீழ போய்ப் பாக்கறேன், நீங்க லைன்ல இருங்க" என்றாள்.

அவர்கள் வீட்டின் நிலவறையில் சுவரோரம் தரையைப் பிளந்துகொண்டு ஒரு குழாய் மேலே வந்து மீட்டரில் சேர்கிறது. மங்கலான சாம்பல் நிறம். மீட்டருக்குக் கீழே ஓர் இடத்தில் சின்ன வெங்காயம் விழுங்கிய பாம்பு மாதிரி புடைத்திருந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவரச் சொன்னேன். நான் வாங்கிக் கொடுத்த மருதமலை முருகன் அது. முருகன் ஒட்டவில்லை. வழுக்கி விழுந்தார். இரும்பு இல்லை. பிறகு ஒரு காசை எடுத்துச் சுரண்டினாள். செம்பாக இருந்தால் செம்பு நிறம் தெரியும். இங்கே காசு வெண்ணெயில் போவது போலப் போனது. சுரண்டிய இடம் புது வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது.

அந்த மூன்றும் பொருந்தினால் ஈயம்தான் என்று கடிதத்திலேயே படம் போட்டிருந்தார்கள். காந்தம் ஒட்டாது, சுரண்டினால் மின்னும், மூட்டு வெங்காயமாகப் புடைத்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பையன் அந்த மின்னுகிற கோட்டைத் தொடக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

ரசத்துக்கு வருகிறேன். நம் பேச்சில் ஈயம் என்பது ஒரு பெயரில் இரண்டு உலோகம். வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. ஈயச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். அது சுத்தமாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. விஷம் காரீயம். இந்த இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டே நாம் குழம்பிப்போனோம்; போதாததற்குப் பென்சிலில் இருக்கிற கரிக்கும் காரீயம் என்று பெயர் வைத்தோம், அதில் இரண்டுமே கிடையாது.

காங்கேயம் பக்கத்தில் அம்மாயி ஊருக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். வேப்பமரத்தடியில் குழி பறித்து, துருத்தி வைத்து, கரியை மூட்டுவார். வீட்டில் இருக்கிற போசி, குண்டா, அண்டா எல்லாம் வரிசையில் நிற்கும். பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள் கையை விட்டு ஈயக் குச்சியை ஓர் உரசு உரசிப் பஞ்சால் ஒரே சுழற்று. கறுத்த பாத்திரத்துக்குள் நிலா எழும். நாங்கள் வாய் பிளந்து நிற்போம். அம்மாயி மட்டும் நிற்காது. ஈயக் குச்சியைக் கையில் வாங்கி ஒரு காகிதத்தில் கோடு இழுத்துப் பார்க்கும். கறுப்பாகக் கோடு விழுந்தால், "ஏனுங்க, கலப்படமா இருக்குதுங்களே" என்று ஒரே வார்த்தை. காரீயம் காகிதத்தில் எழுதும். வெள்ளீயம் சுலபத்தில் எழுதாது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு. கலக்கத் தோன்றாமல் இருக்குமா? புளி ரசம் கொதிக்கிற பாத்திரத்தில் காரீயம் இருந்தால் புளிப்பு அதைக் கரைத்து எடுத்துவிடும். அம்மாயிக்கு வேதியியல் தெரியாது. கோடு தெரியும். அந்தக் கோடும் முழுசாக நம்புகிற சோதனை இல்லை, லேசான கலப்படத்தைக் காட்டாது. ஆனாலும் கேட்காமல் வாங்குவதில்லை என்கிற அந்தக் குணம்! இன்றைக்கு ஈயச் சொம்பு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் கடைக்காரரிடம் கேட்கிறோம்?

சிகாகோ போனை வைத்ததும் ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்துக்கொண்டு நான் வாசலுக்குப் போனேன். தரையிலிருந்து வருகிற குழாயில் டக்கென்று ஒட்டியது. ஜிஐ பைப், துத்தநாகம் பூசிய இரும்பு. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா மறுநாள் பதினொரு மணி வரைதான்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பம்ப் உதிரி பாகம், வால்வு, குழாய்க்கு உள்ளே போகிற ஸ்பிண்டில் எல்லாம் கடைகிற இடம். டீ நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். எங்கள் டர்னர் தம்பி சிரித்துவிட்டான்.

"ஏனுங்க்கா, குழாய் இரும்புன்னா ஆச்சா? மேல மாட்டியிருக்கற பித்தளை டேப்புல லெட் இல்லீங்களா?"

அவன் மிஷினுக்கு அடியில் குவிந்திருந்த பித்தளைச் சில்லை ஒரு கை அள்ளிக் காட்டினான். பொடிப்பொடியாக, ரவை மாதிரி. "லெட் இருந்தாத்தானுங்க்கா இப்படி உதிரும். இல்லைன்னா சுருள் சுருளா வந்து டூல்ல சுத்திக்கும், கையைக் கிழிக்கும்." கடைசல் பித்தளைக் கம்பியில் காரீயம் 2.5 முதல் 3.5 சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். பில்லில் நான் பதினைந்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கிற எல்டிபி-2 என்கிற வெண்கலத்தில் செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, காரீயம் 5. பம்ப் ஊரில் அதை அறியாதவர் கிடையாது. 'எல்' என்பது லெட் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று பழமொழி சொல்லி எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருப்பேன். இளித்த பித்தளையின் வயிற்றுக்குள் ஈயம்!

ஒரு தடவை எங்கள் பட்டறைக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தபோது 'தண்ணீர் படும் பாகத்தில் காரீயம் 0.25 சதவீதத்துக்கு மேல் கூடாது' என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் 2014 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். அதற்கு முன்னால் 8 சதவீதம் வரை இருந்தாலும் 'ஈயமற்றது' என்றே எழுதிக்கொள்ளலாம். அவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். அந்தக் கம்பி விலை ஏறும், டூல் சீக்கிரம் தேயும் என்று முதலாளி அலுத்துக்கொண்டே செய்து கொடுத்தார். உள்ளூர் ஆர்டரில் அப்படி ஒரு வரியை நான் இதுவரை டைப் செய்ததில்லை.

சரி, குழாயில் ஈயம் இருந்தால் மட்டும் தண்ணிக்கு வந்துவிடுமா? இங்கேதான் நம் ஊர்ப் பெருமை கொஞ்சம் இடிக்கிறது.

சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோயம்புத்தூரில் பிறந்த ஒவ்வொருவரும் சொல்வோம். முதலாவது எது என்று யாரும் சொன்னதில்லை. அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். காட்டு மழை பாறையில் வழிந்து வருகிற தண்ணி, உப்பு எதையும் அதிகம் கரைத்துக்கொள்ளாமல் வந்து சேர்கிறது. தண்ணியில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை எங்கள் வீட்டில் விட்டால் 42 காட்டும். போர் தண்ணியில் விட்டால் ஆயிரத்தைத் தாண்டும். பருப்பு வேகிற வேகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

இப்படிப்பட்ட மென்மையான தண்ணிக்குத்தான் பசி அதிகம். போர் தண்ணி, அதாவது நாம் சப்பைத் தண்ணி என்று ஒதுக்குகிற கடினத் தண்ணி, குழாயின் உள்பக்கம் சுண்ணாம்பு மாதிரி ஒரு படலம் கட்டும். ஹீட்டர் கம்பியில் பார்த்திருப்பீர்களே, அதே வெள்ளை. அந்தப் படலம் உலோகத்துக்கும் தண்ணிக்கும் நடுவில் ஒரு சுவர். மென்தண்ணி அந்தச் சுவரைக் கட்டாது. உலோகத்தை நேராக நக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு 1859-இலிருந்து லாக் கேட்ரின் என்கிற மலை ஏரியிலிருந்து தண்ணி வருகிறது. நம் சிறுவாணி மாதிரியே மென்மை, அதே மாதிரி பெருமை. வீடு முழுக்க ஈயக் குழாய். நூறு வருடத்துக்கு மேல் அந்த நல்ல தண்ணி ஈயத்தைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தது. கடைசியில் 1970-களின் முடிவில் சுண்ணாம்பும், பத்து வருடம் கழித்துப் பாஸ்பேட்டும் கலந்துதான் அடக்கினார்கள். பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து கரையாத ஒரு பூச்சாக உள்ளே படிந்துவிடும்.

அந்தப் பூச்சை மறந்ததால் வந்ததுதான் ஃபிளிண்ட் கதை. மிச்சிகன் மாநிலத்தில், 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க ஏரித் தண்ணியை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்றுத் தண்ணியை விட்டார்கள். அரிப்பைத் தடுக்கிற மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்க்குள் வருடக்கணக்காகப் படிந்திருந்த படலம் கரைந்தது, ஈயம் வெளியே வந்தது. இதில் என்னைப் போல் பட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மறக்காத ஒரு விவரம் உண்டு. அந்த ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் ஆலை, இந்தத் தண்ணியில் பாகங்கள் அரிக்கின்றன என்று அதே வருடம் அக்டோபரிலேயே வேறு தண்ணிக்கு மாறிக்கொண்டது. சனங்கள் இன்னும் ஒரு வருடம் அதையே குடித்தார்கள். மோனா ஹன்னா-அட்டிஷா என்கிற குழந்தை மருத்துவர் 2015 செப்டம்பரில் குழந்தைகளின் ரத்தக் கணக்கை எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் பழைய தண்ணி திரும்ப வந்தது. இரும்புக்குக் கிடைத்த அக்கறை குழந்தைக்குக் கிடைக்க ஒரு வருடம்.

குழந்தை என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும். மூளை வளர்கிற வயதில் கவனத்தையும் கற்கிற திறனையும் குறைக்கும். குறைந்த அளவில் போனால் காய்ச்சல் வராது, வாந்தி வராது. பையன் கொஞ்சம் மந்தம், படிப்பு ஏறவில்லை என்று நாம் வாத்தியாரையும் செல்போனையும் திட்டிக்கொண்டிருப்போம். இரும்புச் சத்துக் குறைவான உடம்பு ஈயத்தை இன்னும் ஆசையாக வாங்கும். நம் வீட்டுப் பெண்களிலும் குழந்தைகளிலும் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. எலும்பில் இருந்தது கர்ப்ப காலத்தில் மறுபடி ரத்தத்துக்கு வந்து அடுத்த தலைமுறைக்கும் போகும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று எந்த மருத்துவரும் ஓர் அளவைச் சொல்வதில்லை.

தண்ணி ஒன்று மட்டும் வழி என்றும் சொல்லவில்லை. பழைய பெயிண்ட், பேட்டரியை உடைத்து உருக்குகிற இடம், பளிச்சென்று தெரிவதற்காக மஞ்சள் தூளில் கலக்கிற லெட் குரோமேட் எல்லாம் உண்டு. ஈரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நல்ல மஞ்சளுக்கு அந்த வேஷம் தேவையில்லை என்று அவர்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாகச் சொன்னது. அதில் பெரும் பங்கு நம் நாட்டில்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் பைப்புக்காரரைக் கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டியவர்; தெருவில் பாதி வீட்டு இணைப்பு அவர் கையால் போட்டதுதான்.

"ஈயக் குழாயா? நம்மூர்ல வீட்டுக்கு நான் போட்டதில்லைங்க. ஆனா ஈயம் நிறைய ஊத்தியிருக்கேன்" என்றார்.

வார்ப்பிரும்பு மெயின் லைன் போட்ட காலத்தில் ஒரு குழாயின் வாய்க்குள் அடுத்த குழாயைச் செருகி, இடுக்கில் சணலைத் திணித்து, சுற்றிலும் களிமண்ணால் அணை கட்டி, மேலே ஒரு வாய் விட்டு, அதன் வழியாக உருக்கிய காரீயத்தை ஊற்றுவார்களாம். ஆறியதும் உளி வைத்துச் சுற்றிச் சுற்றி அடித்து இறுக்குவது. "ஒரே மூச்சுல ஊத்தோணுமுங்க. நடுவுல நிறுத்துனா மூட்டு ஒழுகும். குழிக்குள்ள ஈரம் இருந்துச்சுன்னா ஈயம் தெறிக்கும்." முழங்கையில் காசு அளவுக்கு ஒரு வழுவழுப்பான தழும்பைக் காட்டினார். மூட்டில் இருக்கிற அந்த ஈயத்தில் தண்ணி படுகிற பரப்பு ரொம்பக் குறைவு. உள்ளே சணல் வேறு மறைக்கிறது. ஆகவே அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் எனக்கு உறுத்தியது. ஜிஐ பைப்பின் மரையில் சணல் சுற்றி அதன் மேல் தடவுகிற வெள்ளைப் பசையை, சிவப்புப் பசையை, அந்தக் காலத்தில் ஒயிட் லெட், ரெட் லெட் என்றே கேட்டு வாங்குவார்களாம். பெயரிலேயே இருக்கிறது. ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சிலும் கொஞ்சம் காரீயம் கலந்திருக்கும்.

"இப்ப எல்லாம் பிவிசிதானே, தொல்லையே இல்லையே" என்றேன்.

"அதுலயும் என்னமோ சொல்றாங்களே" என்று இழுத்தார்.

சொல்கிறார்கள்தான். பிவிசி சூட்டில் சிதையாமல் இருக்கக் காரீய உப்பைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல்தான் அதற்கு விதி போட்டது. புதுக் குழாய் வாங்குகிறவர்கள் 'லெட் ஃப்ரீ' என்று அச்சடித்திருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஏற்கெனவே சுவருக்குள் போய்ப் பூச்சும் பூசிவிட்ட குழாய் எந்த வகை என்று யாருக்குத் தெரியும்?

நம் பக்கத்தில் தண்ணியைப் பற்றிய பயம் எல்லாம் நிறத்தில்தான் இருக்கிறது. நொய்யலில் ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம் என்று சாயத் தண்ணி ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1992-இல் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணியின் தொட்டியாகிப் போனது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்கிற வரை போனது கதை. கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் சண்டை போட முடிந்தது. ஈயத்துக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

டிடிஎஸ் மீட்டருக்கும் அகப்படாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேன் தண்ணி போடுகிற பையனிலிருந்து என் கொழுந்தனார் வரை ஆளுக்கொரு மீட்டர் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள். குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மில்லிகிராம் கணக்கில் எண்ணுகிற கருவி. நெல் மூட்டை எடை போடுகிற தராசில் மூக்குத்தியை வைத்துப் பார்ப்பது போலத்தான்.

ஆய்வகத்துக்கே கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். முதலில் போன தனியார் ஆய்வகத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் பணம் கட்டினேன். நான்கு நாள் கழித்து வந்த அறிக்கையில் கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு என்று வரிசை. கீழே குடிக்க உகந்தது என்று முத்திரை. ஈயம் என்ற சொல்லே இல்லை. போன் செய்தால், "அது ஹெவி மெட்டல் பேக்கேஜுங்க மேடம், தனி" என்றது ஓர் இளம் குரல். வழக்கமான குடிநீர்ப் பரிசோதனை என்று கேட்டால் பல இடத்தில் இதுதான் கிடைக்கும். காரீயம் என்று பெயர் சொல்லி, அறிக்கையில் அந்த வரி வருமா என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

இரண்டாவது ஆய்வகத்தில் அவர்களே இரண்டு பாட்டில் கொடுத்தார்கள், அடியில் சில சொட்டு அமிலத்தோடு. கழுவக் கூடாது என்றார்கள். இரவு பத்து மணிக்கு அடுப்படிக் குழாயை மூடிவிட்டு யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்காரர் சொம்போடு வந்து நின்றதும், நான் எழுந்து வந்து அதட்டியதும் தனிக்கதை. காலை ஐந்து மணிக்கு முதல் தண்ணி ஒரு பாட்டில். மூன்று நிமிடம் ஓடவிட்டு இன்னொரு பாட்டில்.

முதல் பாட்டில் லிட்டருக்கு 0.008 மில்லிகிராம். இரண்டாவது, கண்டறியும் அளவுக்குக் கீழே.

சட்டப்படி இரண்டுமே பாஸ். ஆனால் ஒரே தொட்டி, ஒரே சிறுவாணி, ஒரே குழாய். ஏழு மணி நேரம் பித்தளை டேப்புக்குள்ளும் அதன் பின்னால் நாலடிக் குழாயிலும் உட்கார்ந்திருந்ததற்கும் ஓடி வந்ததற்கும் இவ்வளவு வித்தியாசம். அத்தையின் குழாயோட தண்ணி இதுதான். அவருக்கு அந்தக் காகிதத்தைக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

தங்கை மகளிடம் சொன்னேன். அவளும் அதையேதான் செய்கிறாளாம். அங்கே 311 என்கிற நகராட்சி எண்ணுக்கு போன் செய்தால் சோதனைப் பெட்டி இலவசமாக வருகிறது. ஆறு மணி நேரம் தண்ணி தொடாமல் பிடிக்க வேண்டும். ஈயத்துக்கென்று சான்று பெற்ற வடிகட்டி வைத்துவிட்டாள். சுடுதண்ணிக் குழாயிலிருந்து சமையலுக்கு எடுப்பதில்லை; சூட்டில் ஈயம் கூடுதலாகக் கரையும், நம் கெய்சர் தண்ணிக்கும் இது பொருந்தும். பையனின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 2.1 மைக்ரோகிராம் என்று வந்ததாம். அங்கே 3.5-ஐ எட்டினால்தான் கூப்பிட்டுப் பேசுவார்கள். "டாக்டர் கவலைப்படாதீங்கன்னு சொல்லிட்டாரு பெரியம்மா. அவருக்கு என்ன, தூங்கிருவாரு" என்றாள். குழாயைப் பாதி மாற்றிப் பாதி விடக் கூடாது, வெட்டுகிற அதிர்ச்சியில் உள்ளே படிந்திருப்பது உதிர்ந்து கொஞ்ச நாளைக்கு ஈயம் இன்னும் அதிகமாக வரும் என்பதால் முழுசாக மாற்றுகிற வரிசைக்குக் காத்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரு கடிதமாவது வந்தது. எங்கள் தெருவில் ரோட்டுக்கு அடியில் மெயினிலிருந்து வாசல் வரை வருகிற குழாய் எந்த வருடம் போட்டது, எதனால் ஆனது என்று கேட்டால் மாநகராட்சிக்காரர் கைகாட்டுவது எங்கள் பைப்புக்காரரை. அவர் கைகாட்டுவது தன் நெற்றியை. "எல்லாம் இங்கதானுங்க இருக்குது." எழுபது வயது கடந்த ஒரு நெற்றிதான் எங்கள் பட்டியல். நானும் ஒரு நோட்டில் வீடு வீடாகக் கேட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். காந்தம் ஒட்டியதா, டேப் பித்தளையா, பிவிசி எந்த வருடம். இதுவரை பதினொரு வீடு. இரண்டு வீட்டில் என்னைக் கணக்கெடுப்புக்கு வந்தவள் என்று நினைத்து ரேஷன் கார்டைக் காட்டினார்கள்.

அடுப்படியில் ஸ்டீல் குழாய் மாட்டியாயிற்று. காலையில் முதல் இரண்டு சொம்புத் தண்ணி பாத்திரம் கழுவப் போகிறது. கழற்றிய பித்தளைக் குழாயைப் பைப்புக்காரர் கையில் வைத்துப் பார்த்தார். முக்கால் கிலோ கனம், பழைய நல்ல வார்ப்பு. "எடைக்குப் போடாதீங்க, வாசல்ல இருக்கறது ஒழுகுது, அங்க மாட்டிக்கலாம். கழுவறதுக்குத்தானுங்களே" என்றார். சரி என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு எக்ஸெல் சத்தம். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, செந்நிறம் போய்த் தெளிந்தது. பக்கெட்டை எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், எதிர்வீட்டுப் பையன், ஏழு வயது, ஓடி விளையாடி வியர்த்துப்போய், அந்தப் பித்தளைக் குழாயின் அடியில் இரண்டு கையையும் குவித்து வாயை வைத்திருந்தான்.

"டேய், அதுல குடிக்காதடா!"

திடுக்கிட்டு நிமிர்ந்தான். மோவாயில் தண்ணி சொட்டியது.

"ஏனுங்க பெரியம்மா, சிறுவாணி தானுங்களே?"